பெருங்குடலுக்கு ஒரு மன்றாட்டு

இதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டு, அரிசி ஊறப்போட வேண்டும், துணி எடுக்க வேண்டும் என்று எதையாவது சாக்கு வைத்து எழுந்து போனது எத்தனையோ தடவை. வருஷக்கணக்கில் தயங்கியிருக்கிறேன். எழுத்துப் பழக்கம் இல்லை என்பது ஒரு காரணம். நான் பத்தாவதோடு நின்றவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையும்தான். பெரிய காரணம் வேறு. இதில் ஒரு உறுப்பின் பெயர் வருகிறது. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. குடும்பப் பெண் ஒருத்தி எழுதக்கூடிய உறுப்புகள் கண், கை, கால், மிஞ்சிப்போனால் இருதயம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாதாவின் மேல் பாரத்தைப் போட்டு இன்றைக்குத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றியது. பெயர் போட வேண்டாம் என்று பெருந்துறையில் இருக்கும் அவர் மகன் கேட்டுக்கொண்டார். அக்கா இன்று இருந்திருந்தால், பெயர் இல்லாமல் எழுதியதற்காக என்னைப் பிடிபிடியென்று பிடித்திருப்பார். ஆளும் இடமும் சொல்லாத எந்தப் பேச்சிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

சிங்காநல்லூர்ப் பக்கம் எங்களுடையது லைன் வீடு. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். மில்லில் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன், பெருந்துறையில் வேலை, அங்கேயே குடும்பம். அக்கா தனியாக இருந்தார் என்று சொன்னால் அது பொய். அவர் வீட்டில் இருந்தால்தானே தனியாக இருக்க.

அக்காவின் வேலை சீக்கு பார்க்கப் போவது. எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், காய்ச்சல் வந்தவருக்கு அடுத்தபடியாகத் தெரிவது அக்காவுக்குத்தான். சில நேரம் முன்பாகவே தெரிந்துவிடும். ஒயர் கூடையில் மந்திரித்த எண்ணெய், தீர்த்த பாட்டில், சாத்துக்குடி, ஃபிளாஸ்கில் வெந்நீர் எல்லாம் எப்போதும் தயாராக இருக்கும். ஆஸ்பத்திரிகளில் பார்வையாளர் நேரம் என்று ஒன்று உண்டு அல்லவா, அது மற்றவர்களுக்கு. அக்கா வாட்ச்மேனைப் பார்த்து, “ஏனுங்க, நல்லாருக்கீங்களா, முட்டிவலி எப்புடி இருக்குதுங்க” என்று கேட்பார். அந்த மனிதர் தன் முட்டியைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா மூன்றாவது மாடியில் இருப்பார்.

போய் உட்கார்ந்தால் ஆறுதலுக்கு முன்னால் விசாரணை. எந்த இடம், இடதா வலதா, மேலா கீழா, டாக்டர் என்ன சொன்னார், எத்தனை பெரிசு. ஸ்கேன் படத்தை வாங்கி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். அதில் அவருக்கு என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் “ம்” என்று ஒரு சத்தம் போடுவார். அந்த “ம்”மைக் கேட்டால் நோயாளிக்கு டாக்டர் சொன்னதெல்லாம் மறந்துபோகும்.

இதெல்லாம் எதற்கு என்றால், ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டுக்கு.

எங்கள் பங்கில் அன்பியம் என்று உண்டு. ஒரு தெருவுக்குள் இருக்கும் குடும்பங்கள் ஞாயிறுதோறும் ஒரு வீட்டில் கூடிச் செபிப்போம். பாட்டு, பைபிள் வாசகம், செபமாலை, கடைசியில் மன்றாட்டு, அதற்கும் கடைசியில் டீயும் முறுக்கும். மன்றாட்டில் ஒவ்வொருவரும் தன் தேவையையோ பிறர் தேவையையோ சொல்லி வேண்ட, மற்றவர்கள் “கேட்டருளும்” என்போம். நாங்கள் எல்லாம் “நோயில் இருப்பவர்களுக்காக” என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவோம். அக்காவுக்கு அது பிடிக்காது.

அவருடைய மன்றாட்டு இப்படி இருக்கும். “ஆண்டவரே, மூணாவது லைன்ல பெரிய கேட் போட்ட ஊட்டுத் தம்பிக்குப் பித்தப்பையில கல்லு இருக்குதுங்க. ரெண்டு சின்னது, ஒண்ணு பெருசுங்க. அதைக் கரைச்சுப்போடுங்க. பித்தப்பையை ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க, கல்லை மட்டும் பாத்துக்கங்க.”

பங்குச் சாமியார் ஒருதடவை நயமாகச் சொல்லிப் பார்த்தார். ஆண்டவருக்கு எல்லாம் தெரியுமே அம்மா, உறுப்புப் பெயரெல்லாம் எதற்கு என்றார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார்.

“தெரியுமுங்க சாமி. தெரியாதுன்னு நான் சொல்லலீங்க. ஆனா ஒலகம் பூராத்துல இருந்தும் கேக்கறாங்கல்ல. டாக்டரே எந்தக் காலுன்னு சீட்டுல எழுதிப்போட்டுத்தான் கத்தி எடுக்கறாரு. மொட்டையாக் கேட்டா, வேற எங்காச்சும் சரியாயிப்போச்சுன்னா என்னுங்க பண்றது?”

சாமியார் இறையியல் படித்தவர். இருந்தாலும், மன்றாட்டைக் கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் அன்பியத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு அண்ணன் இருந்தார். அவருக்கு, ஆண்கள் வெளியே சொல்லிக்கொள்ளாத ஓரிடத்தில் நீர் கோத்து வீங்கிவிட்டது. அவர் மனைவி கலங்கிப்போய் அக்காவிடம் சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு மன்றாட்டில் அக்கா இடத்தைச் சொன்னார், பக்கத்தைச் சொன்னார், வீக்கம் எந்தப் பழத்தின் அளவு என்பதையும் சொன்னார். பெண்கள் எல்லாம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டோம். அன்று “கேட்டருளும்” என்று முழுச் சத்தத்தோடு சொன்னது சின்னக் குழந்தைகள் மட்டும்தான். அந்த அண்ணன் பிறகு பல மாதம் ஒண்டிப்புதூர் தாண்டிப் போய் வேறொரு கோயிலில் பூசை பார்த்தார். ஆபரேசன் செய்து குணமாகி, எல்லாம் மறந்திருக்கும் என்று நம்பித் திரும்பி வந்த அன்று, அக்கா ஆண்டவருக்கு நன்றி சொன்னார். அதே விவரங்களோடு.

சிரிக்க முடியாததும் உண்டு. ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பையில் நீர்க்கட்டி. அக்கா அதற்காக உருக்கமாக வேண்டினார். அன்றைக்கு அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த ஒரு அம்மா, அந்தப் பெண்ணைப் பார்க்கக் கருமத்தம்பட்டியில் இருந்து வரவிருந்த மாப்பிள்ளைக்கு அத்தை முறை. அந்தப் பேச்சு அதோடு நின்றுபோனது. பெண்ணுக்குப் பிறகு ஈரோட்டில் நல்ல இடம் அமைந்தது, ரெண்டு பிள்ளைகளோடு சுகமாக இருக்கிறாள். ஆனால் அவளுடைய அம்மா கடைசிவரை அக்காவோடு பேசவில்லை. அக்கா என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, “நான் ஆண்டவர்கிட்டத்தான சொன்னேன் அம்மிணி, அந்தப் பொம்பளைகிட்டயா சொன்னேன்” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த வாரம் ஒயர் கூடை ஆணியிலேயே தொங்கியது.

ஆனால் நான் கண்ணால் பார்த்த இன்னொன்றும் இருக்கிறது. வாயில் புற்றுநோய் வந்து கன்னம் ஓட்டையாகிப்போன ஒரு மனிதர் எங்கள் தெருவில் இருந்தார். சொந்த மகனே வாசலில் நின்று பேசிவிட்டுப் போவார். அக்கா தினமும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கஞ்சியை ஸ்பூனால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் புகட்டினார். பாதி வெளியே வழியும். வழிந்ததைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, மில் கதைகளைச் சொல்லிக்கொண்டே அடுத்த ஸ்பூனை எடுப்பார். அவர் கண்ணை மூடும்வரை இது நடந்தது. எங்களில் வேறு யாரும் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. அக்காவின் வாயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கையையும் நான் நினைத்துக்கொள்வேன்.

இப்படிப்பட்டவருக்குத்தான் அது வந்தது.

கோயில் வளாகத்தில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார்கள். வயதானவர்களுக்கு மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் இருந்தது. அதற்குச் சின்ன டப்பா கொடுத்தார்கள். டப்பாவை வாங்க ஆளில்லை. எல்லோரும் சர்க்கரைக்கே வரிசையில் நின்றார்கள். அக்காவுக்குக் கோபம் வந்து, வெட்கப்பட்டால் வியாதி போய்விடுமா என்று ஒரு பிரசங்கம் செய்து, மாதிரி காட்டுவதற்காக முதல் டப்பாவைத் தானே வாங்கினார்.

ரத்தம் இருக்கிறது என்று வந்தது அவருடைய டப்பாவில்.

பின்பக்கமாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், கூட ஒரு ஆள் வர வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டார். ஊரில் மற்றவர்களுக்கு ஈரோட்டில் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டோம். அது தவக்காலம். தவக்காலத்தில் எந்தக் கோயிலில் கல்யாணம் வைக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்காதது மாதா செய்த புதுமை, அற்புதம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கம்ப்யூட்டரில் படம் காட்டினார். இளஞ்சிவப்பாக ஒரு சுரங்கம் மாதிரி இருந்தது, அதன் சுவரில் ஒரு முண்டு. அரைநெல்லிக்காய் அளவு. காம்பு இருந்தால் அன்றைக்கே கிள்ளி எடுத்திருப்பாராம், இது சுவரோடு அப்பிக்கொண்டிருந்தது. துளி கிள்ளி சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களை மறுபடி உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

“இது இன்னும் கேன்சர் இல்லீங்கம்மா. ஆனா ஆகற வழியில இருக்குது. இப்பவே எடுத்துட்டா இதோட போச்சு. வயித்தைக் கிழிக்க வேண்டியதில்ல, அதே குழாய் வழியா எடுத்தரலாம். ஒரு நாள் தங்கினாப் போதும். ஆனா தள்ளிப்போடாதீங்க.”

எந்த இடம் என்று அக்கா கேட்டார். பெருங்குடல், கடைசிப் பக்கம், மலக்குடலுக்குக் கொஞ்சம் மேலே என்றார் டாக்டர். இடதா வலதா என்று அக்கா கேட்கவில்லை. படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கவும் இல்லை. கூடைக்குள் அடியில் வைத்து, மேலே சாத்துக்குடியைப் பரப்பினார்.

பஸ்ஸில் வரும்போது, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். மகனுக்குக்கூடத் தெரியக்கூடாது. அவன் சொன்னால் மருமகளுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரிந்தால் ஈரோடு முழுக்கத் தெரியும். அவர் வழக்கமாகச் செய்கிற வேலையை இன்னொருவர் செய்துவிடுவார் என்ற பயம் அவர் முகத்தில் அப்படித் தெரிந்தது.

அதற்குப் பிறகு தள்ளிப்போட ஆரம்பித்தார். ஈஸ்டர் கழியட்டும் என்றார். ஈஸ்டர் கழிந்தது. பேரன் முதல் தடவை நற்கருணை வாங்குகிற புதுநன்மை, அது முடியட்டும் என்றார். பங்குத் திருவிழா வந்தது. கொடி ஏற்றியபின் ஆபரேசனா என்றார். ஆபரேசனுக்கு அவர் பயப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். வைண்டிங் மெஷினில் விரல் நுனி போனபோது தானே துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போன மனுஷி அவர். கேட்டுக் கேட்டு, ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

“செபம் இல்லாம எப்புடிக் கண்ணு ஆபரேசனுக்குப் போறது? எடத்தைச் சொல்லாமக் கேட்டா அது போய்ச் சேராது. எடத்தைச் சொன்னா நான் எப்புடி வெளிய தலை காட்டறது?”

“வயிறுன்னு சொல்லுங்க்கா. பெருங்குடலும் வயித்துக்குள்ளதான இருக்குது.”

“வயித்துல ஒண்ணுமில்லையே. ஆண்டவர் வயித்தைப் பாத்துப்போட்டு, நல்லாத்தான இருக்குதுன்னு போயிருவாரு.”

இதற்கு என்ன சொல்வீர்கள்? சாமியாராலேயே முடியாததை நான் எங்கே முடிப்பது? என் பங்குக்கு, இடம் சொல்லாமல் மொட்டையாகவே தினம் ஒரு செபமாலை சொன்னேன். அது போய்ச் சேர்கிறதா என்று அக்காவின் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் என்னுடைய நம்பரைக் கொடுத்திருந்தோம். டாக்டரே ஒருநாள் கூப்பிட்டார். “இத்தனை மாசமாச்சுங்க. இன்னும் எத்தனை நாள் அது நல்ல புள்ளையா இருக்கும்னு என்னால சொல்ல முடியாதுங்க” என்றார். நேரே போய் அக்காவிடம், இன்றைக்கு நாள் குறிக்காவிட்டால் பெருந்துறைக்குப் போன் போடுவேன் என்றேன். மகனிடம் சொல்வது, மருமகளிடம் சொல்வது, ஈரோடு. அக்கா ஒத்துக்கொண்டார். அக்டோபரில் ஒரு நாள் குறித்தோம்.

அக்டோபர் செபமாலை மாதம். எங்கள் பங்கில் அந்த மாதம் முழுக்க மாதா சுரூபம், அதாவது சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒருநாள். சாயந்தரம் எல்லோரும் பாட்டுப் பாடி, விளக்குப் பிடித்து ஊர்வலமாகக் கொண்டுவந்து வைத்து, செபமாலை சொல்லி, மறுநாள் அடுத்த வீட்டுக்கு எடுத்துப்போவோம். மாதா வரும்போது வீட்டைப் பூட்டுகிற கத்தோலிக்கரை நான் பார்த்ததில்லை. அக்காவின் முறை ஆபரேசன் முடிந்த மறுநாள்தான் வருவதாக இருந்தது. ஆனால் இடையில் ஒரு வீட்டில் பெரியவர் இறந்துபோனார், அடுத்த வீட்டுக்காரர்கள் துக்கத்துக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். மத்தியானம், கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் சைக்கிளில் வந்து, இன்னைக்குப் பொழுதோட மாதா உங்க ஊட்டுக்கு வாராங்க என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போனார்.

அன்றுதான் ஆபரேசனுக்கு முந்தின நாள். குடல் கழுவுகிற நாள். ஒரு பெரிய பாட்டில் தண்ணீரில் பொடியைக் கரைத்து, டம்ளர் டம்ளராகக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெறும் தண்ணீராகப் போகும்வரை போக வேண்டும். குடல் அழுக்காக இருந்தால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். அக்கா திரும்பி வந்தால் இன்னொரு தடவை போகவே மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மாதாவைத் தள்ளிப்போடச் சொல்லலாம் என்றேன். “என்ன காரணம் சொல்றது?” என்றார். குறித்த நேரத்துக்கு முதல் டம்ளரைக் குடித்தார், முகத்தைக் கழுவி நல்ல சேலை கட்டிக்கொண்டார், வாசலில் விளக்கேற்றினார்.

ஜனம் வந்தது. ஒரு ஹால், ஒரு படுக்கை அறை, ஹாலை ஒட்டினாற்போல் பிளாஸ்டிக் கதவு போட்ட பாத்ரூம், இதுதான் வீடு. ஹால் நிறைய ஆள். மாதாவை ஸ்டூலில் வைத்துப் பூ வைத்தோம். மாதா வந்த வீட்டுக்காரர்தான் செபமாலையின் முதல் பத்து மணியைச் சொல்ல வேண்டும் என்பது முறை. அக்கா முழந்தாள் போட்டு ஆரம்பித்தார். பாதியில் குரல் நின்றது. எழுந்து போனார். பிளாஸ்டிக் கதவு சாத்தியது. நான் மீதியைச் சொன்னேன். ரெண்டாவது பத்துக்கு வந்து உட்கார்ந்தார், நாலைந்து மணி சொல்வதற்குள் மறுபடி கதவு. மூன்றாவது பத்தில் ஜனம் எல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு, வழக்கத்தைவிடச் சத்தமாகச் செபித்தார்கள். அது அவர்களுடைய மரியாதை. நாலாவதுக்கு அக்கா வெளியே வரவே இல்லை.

உபதேசியார் வீட்டம்மா என் தோளைத் தொட்டு, அக்காவுக்கு என்ன என்று கண்ணால் கேட்டார். நான் பார்க்காததுபோல மணியை உருட்டினேன். அவர் எழுந்து சமையற்கட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு டம்ளர் கெட்டித் தயிர், அதில் ஒரு கைப்பிடி வெந்தயம். போகிற வயிறு அந்த நிமிஷமே கட்டிப்போகும் மருந்து. அதைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டார். பெரியவர்கள் அன்போடு நீட்டினால் அக்கா ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவர் மட்டுமா, எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

செபமாலை முடிந்து மன்றாட்டு வந்தது. அக்கா இல்லை. யார் தொடங்குவது என்று ஒருவரையொருவர் பார்த்தோம். சைக்கிள் கடை அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். எல்லோருக்கும் பழைய கதை தெரியும். அவருக்கும் தெரியும்.

“ஆண்டவரே, இந்த ஊட்டுக்கார அக்காவுக்கு வயித்தால போகுதுங்க. கண்ட தண்ணி குடிச்சிருப்பாங்களாட்ட இருக்குது. ஊரு சீக்குக்கெல்லாம் ஓடுனவங்க அவங்க. அவங்களை இந்த மாதிரி உக்கார வெக்காதீங்க. இந்த நிமிசமே அதை நிறுத்திப்போடுங்க.”

மனசாரச் சொன்னார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. ஜனமும் மனசாரச் சொன்னது. “கேட்டருளும்” என்று அந்த வீடே அதிர்ந்தது.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “ஏனுங்க, நிறுத்தச் சொல்லாதீங்க. அது நிக்கப்படாதுங்க.”

அண்ணன் கதவுப் பக்கம் திரும்பினார். “அக்கா, என்னுங்க சொல்றீங்க? போயிட்டே இருக்கோணுங்களா?”

“ஆமாங்க தம்பி. சுத்தமாப் போவோணுமுங்க. நாளைக்குக் காலைல எனக்கு ஆபரேசனுங்க.”

“எதுலீங்க ஆபரேசன்?”

உள்ளே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் மாதாவைப் பார்த்தேன். வயிறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அவருக்கு அப்போதுகூட வழி இருந்தது. வயிறு என்றால் தயிர் டம்ளர் உள்ளே போகும், குடல் கட்டும், நாளைக்கு டாக்டர் திருப்பி அனுப்புவார், அப்புறம் அந்த முண்டு அவரோடேயே இருந்து என்னவாக வேண்டுமோ அதுவாகும். அதைவிட, இத்தனை பேர் சேர்ந்து கேட்டது தவறான இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதே என்ற நடுக்கம் அவருக்கு. தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“பெருங்குடலுங்க. கடைசிப் பக்கம், பின்னால வாரதுக்குச் சித்தெ மேல. அரைநெல்லிக்காய் அளவு ஒண்ணு சொவத்துல அப்பியிருக்குதுங்க. இன்னும் கேன்சர் ஆவுல. ஆவறதுக்குள்ள எடுக்கோணும். அப்புடியே சொல்லிக் கேளுங்க தம்பி. நெல்லிக்காயை மட்டும் கேளுங்க, கொடலு எனக்கு வேணும்.”

யாரும் சிரிக்கவில்லை. உபதேசியார் வீட்டம்மா கையில் இருந்த டம்ளரைப் பார்த்தார், பிறகு ஓசையில்லாமல் போய் அதைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு வந்தார். அண்ணன் மாதாவுக்கு முன்னால் முழந்தாள் போட்டார். முதலில் கேட்டதை விவரம் தெரியாமல் கேட்டுப்போட்டோம், அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம், போவது போகட்டும் என்று ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டார். அதன்பின் அக்கா சொன்ன வார்த்தைகளை ஒன்றும் விடாமல் திருப்பிச் சொன்னார். பெருங்குடல் என்ற சொல்லை ஒரு செபத்தில் நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. குழந்தைகள், பெரியவர்கள் எல்லோரும் “கேட்டருளும்” என்றோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அக்கா வெளியே வந்தபோது நாற்காலியை மாதாவுக்குப் பக்கத்தில் போட்டுக் கொடுத்தார்கள். ஒருவர் டம்ளரை நிரப்ப, ஒருவர் விசிற, மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் புளிப்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார். நாங்கள் சுண்டல் சாப்பிட்டோம். சுண்டல் சாப்பிடும்போதுதான் கவனித்தேன், நாற்காலிக்கு அருகே ஆட்கள் ஒவ்வொருவராகக் குனிந்து எதையோ குசுகுசுத்துவிட்டுப் போனார்கள். சைக்கிள் கடை அண்ணனுக்கும் கொஞ்ச நாளாக ரத்தம் போகிறதாம், மூலம் என்று நினைத்துச் சும்மா இருந்திருக்கிறார். அக்கா டம்ளரை இறக்கிவைத்து அவரிடம் கேட்டார்: “செவப்பாப் போகுதுங்களா, கறுப்பாப் போகுதுங்களா?”

மறுநாள் எடுத்தார்கள். அடியில் ஊசி போட்டுத் தூக்கி, கம்பிச் சுருக்கால் அறுத்து எடுத்ததாக டாக்டர் சொன்னார். அவ்வளவு சுத்தமான குடலைத் தான் பார்த்ததில்லை என்றும் சொன்னார். அக்கா அதை நற்சான்றிதழ்போல வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எடுத்ததைச் சோதித்ததில் ஓரமெல்லாம் சுத்தமாக இருந்தது, கேன்சராக மாறியிருக்கவில்லை. மருந்துகூடத் தேவையில்லை, காலாகாலத்தில் மறுபடி குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள்.

இதற்கிடையில் ஊர் வேறொரு ஆபரேசன் செய்துகொண்டிருந்தது. எங்கள் அன்பிய வாட்ஸ்அப்பில் அன்று இரவே அரைநெல்லிக்காய் முழு நெல்லிக்காயாகி, விடிவதற்குள் எலுமிச்சையாகியிருந்தது. பெருந்துறைக்குப் போனபோது தேங்காய். பெருங்குடல் என்று எழுதக் கூச்சப்பட்ட யாரோ வயிறு என்று மாற்றியிருந்தார்கள். ஈரோட்டில் அது வயிறு, ஈரல், நுரையீரல் எல்லாமாக ஆகிவிட்டது. மகன் அழுதுகொண்டே வேனில் ஒறம்பரைகளோடு வந்து இறங்கினார். ஒருவர் கையோடு மாலையே வாங்கி வந்திருந்தார். அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவதைப் பார்த்ததும் அவருக்கு அந்த மாலையை என்ன செய்வது என்று தெரியவில்லை. வெளியே ஆட்டோ ஸ்டாண்டுப் பிள்ளையாருக்குச் சாத்திவிடுங்கள் என்று டிரைவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

அக்கா திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். ஒரு விஷயத்தில் மட்டும். அதன்பிறகு நோயாளியிடம், “மன்றாட்டுல சொல்லட்டுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வார். வேண்டாம் என்றால் முகம் வாடும், ஆனால் சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்து தனியாகச் செபிப்பார். இடத்தோடு, பக்கத்தோடு, அளவோடு, சத்தமாகச் செபிப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும். பங்கில் பாதிப் பேருடைய உள்ளுறுப்புகள் எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

போன வருஷம் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். பெருங்குடல் கடைசிவரை ஒரு குறையும் வைக்கவில்லை. அன்று நாற்காலியருகே குனிந்தவர்களில் பலபேர் பிற்பாடு அந்த டப்பாவை வாங்கினார்கள். சைக்கிள் கடை அண்ணனுக்கு மூலம்தான். உபதேசியார் வீட்டம்மாவுக்குச் சின்னதாக ரெண்டு முண்டு இருந்து, பார்த்த அன்றைக்கே கிள்ளி எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் எழுது, எழுது என்று அக்கா என்னைப் படுத்தாத நாளில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இது நாலு பேர் காதில் விழ வேண்டும் என்பதுதான் என் ஆசை, அதனால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். புதுமை எதுவும் சேர்க்க வேண்டாம், நெல்லிக்காயை வளர்க்க வேண்டாம். முக்கியமாக, வாய் கூசினாலும் பெருங்குடல் என்றே சொல்லுங்கள். வயிறு என்று நீங்கள் மாற்றிவிட்டால், கேட்கிறவர் வயிற்றுக்கு ஒரு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடுவார்.